குஷன் உறையின் பின்பக்கம் வாய் பிளக்கிறது – பதில்

இரண்டு பின்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடும் உங்கள் குஷன் உறை, பஞ்சுக் குஷனை உள்ளே வைத்ததும் பின்பக்கம் பிளந்து நிற்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். உறையின் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. பின்பக்கத் திறப்பின் இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி இரண்டிரண்டு அங்குலம் தைத்து மூடி, நடுவில் ஓர் அழுத்துப் பொத்தான் வைத்தால் போதும்.

16 அங்குலக் குஷனுக்குப் பின்துண்டுகளை 17க்கு 10½ அங்குலமாக வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அரை அங்குலத் தையலும் ஓர் அங்குல மடிப்பும் போக ஒவ்வொன்றிலும் 9 அங்குலமே மிஞ்சுவதால், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது இரண்டு அங்குலந்தான். பஞ்சு புடைத்ததும் அது விலகிவிடும். அடுத்த உறைக்கு 12 அங்குலமாக வெட்டினால் ஐந்து அங்குலம் ஏறி நிற்கும்.

வெற்று உறையைத் தட்டையாக விரித்து அந்த ஏற்றத்தை அளந்து பாருங்கள். நான்கு அங்குலத்துக்கு மேலிருந்தும் பிளந்தால், குஷன்தான் உறையை விடப் பெரியது.

தைத்துப் பழகுவதற்குக் கடையில் புதுத்துணி வாங்க வேண்டாம். பழைய பருத்திச் சாறத்தில் (லுங்கியில்) உட்காரும் பகுதி நைந்திருந்தாலும் கரைப்பக்கம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். புதிய பருத்தித் துணியாயின் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே வெட்டுங்கள். இல்லையேல் முதற் சலவையிலேயே சுருங்கலாம்.

உள்ளே இருப்பது பஞ்சல்லாமல் தடித்த ஸ்பொஞ்சாக இருந்தால் முனைகளை மூடாதீர்கள், அது உள்ளே நுழையாது. பொத்தான்களை மட்டும் வையுங்கள்.