வெள்ளவத்தையை விட்டு குச்சவெளிக்கு: காணியை இப்போதே வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 55 வயது. கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 68 இலட்சம் கையில் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெள்ளவத்தையில் மாதம் 75,000 வாடகை கட்டி இனித் தாக்குப்பிடிக்க முடியாது. மனைவியின் ஊர் திருகோணமலைப் பக்கம், அவர் நன்றாகத் தைப்பார். குச்சவெளிப் பக்கம் றோட்டுக்கு அருகில் 40 பேர்ச் காணி 35 இலட்சத்துக்கு வருகிறது. பேமிட் காணிதான், ஆனால் அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் விற்பவர். அங்கே சின்ன வீடும், சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டு அறையும் கட்ட யோசனை. சரிவருமா சேர்?

பதில்: வாருங்கள், ஆனால் காணியை வாங்காதீர்கள். இந்தக் காணியை எப்போதுமே வேண்டாம், வேறு காணியையும் ஒரு வருடத்துக்கு வேண்டாம். முதலில் வாடகைக்கு வீடு எடுத்து ஒரு முழு மாரியையும் ஒரு முழுக் கோடையையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பேமிட். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு இருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்த அனுமதி. காணி இன்னும் அரசாங்கத்தினுடையது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, மாற்றினாலும் செல்லாது. அற்றோணித் தத்துவம் என்பது அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்பதற்கான கடதாசி, அவ்வளவுதான். அவருக்கே விற்க உரிமை இல்லாதபோது அவர் உங்களுக்கு எதைத் தருவார்? அதோடு எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடினால் அந்தத் தத்துவமும் அன்றைக்கே முடிந்தது, பேமிட்டில் பின்னுரித்தாளர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் வந்து வாசலில் நிற்பார், நீங்கள் கட்டிய வீட்டின் வாசலில். 35 இலட்சத்தைக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு நிலைக்குப் போகத் தேவையில்லை. அப்படியான காணியை வைத்து வங்கியில் கடன் கேட்டாலும் கிடைக்காது என்பது இன்னொரு விசயம்.

உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள தனியார் காணி என்றால் கதை வேறு. ஆனால் அதிலும் இந்த மாவட்டத்தில் கவனம் கொஞ்சம் கூடத் தேவை. போரில் இடம்பெயர்ந்தவர்கள் பலர், உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், இங்கே இருக்கும் உறவினர் விற்கிறேன் என்பார், ஒரே துண்டுக்கு இரண்டு உறுதி வெளியே வரும். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) மூலம் தேடிப் பாருங்கள், குறைந்தது 30 வருடம் பின்னுக்கு. விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். குச்சவெளிப் பக்கம் வனத் திணைக்களம், தொல்லியல் திணைக்களம் போட்ட எல்லைகளாலும் பிரச்சினைகள் உண்டு, ஆகவே நில அளவைப் படத்தைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் இந்தத் துண்டு எந்த எல்லைக்குள்ளாவது விழுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கடலுக்குக் கிட்ட என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டடம் கட்டத் தனி அனுமதி எடுக்க வேண்டும். குச்சவெளியால் போகும் புல்மோட்டை றோட்டில் பல இடங்களில் றோட்டே கடலை ஒட்டித்தான் போகிறது. அப்புறம் முத்திரைத் தீர்வை: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 35 இலட்சக் காணிக்கு 1,39,000 ரூபாய். நொத்தாரிசு கூலி வேறு. விலை பேசும்போது இதை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

சரி, ஏன் ஒரு வருடம் வாடகைக்கு இருக்கச் சொல்கிறேன்? காணி பார்க்க எல்லோரும் வருவது யூன், யூலையில். நிலம் காய்ந்திருக்கும், கடல் குளம் மாதிரி இருக்கும், நிலாவெளியில் வெள்ளைக்காரர்கள் நடமாடுவார்கள். நவம்பரில் வந்தால் அதே துண்டு வேறு மாதிரி இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல் பக்கம் மகாவலி ஆற்றுத் தண்ணீர் ஏறியதை நினைத்துப் பாருங்கள். குச்சவெளிக்கு மகாவலி வராது என்றாலும் பள்ளக் காணிக்கு மழையே போதும். பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், முழங்கால் உயரத்தில் மண்ணிறக் கோடு ஒன்று நேராக ஓடுகிறதென்றால் விற்பவரிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை. யன்னல் கம்பியையும் தொட்டுப் பாருங்கள், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தால் உங்கள் வீட்டுக்கும் அந்தச் செலவு வரும். கூரைத் தகடு, மோட்டர், தையல் மெசின், எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்னும்.

கிணற்றுத் தண்ணீரை செப்டெம்பரில் குடித்துப் பார்க்க வேண்டும், மழைக்குப் பிறகு அல்ல. கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாகத்தான் நிற்கிறது, மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். இரண்டு அறை கட்டி, குளியலறைக்கும் துணி தோய்க்கவும் இறைத்தால் கோடை முடிய முதல் கிணறு உவர்த்துவிடலாம். நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர் அந்த ஒழுங்கைக்கு வருகிறதா, மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் என்பதையும் காணி விலையோடு சேர்த்தே பாருங்கள், கம்பம் தள்ளிப் போகப் போக இணைப்புச் செலவும் கூடும்.

அந்த இரண்டு அறை பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் என்பது ஏறத்தாழ மேயிலிருந்து செப்டெம்பர் வரை. மாரியில் கடல் கொந்தளிக்கும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவுக்குப் போகிற படகுகள் கரையில் இழுத்துக் கிடக்கும். வருபவர்களும் பெரும்பாலும் நிலாவெளியோடு நின்றுவிடுகிறார்கள், குச்சவெளி திருகோணமலைப் பட்டினத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். ஐந்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்லைக் கட்ட வேண்டும். கடன் இல்லாத பழைய வீட்டில் ஒரு அறையைத் திருத்திக் கொடுப்பவருக்கு அது இலாபம், சேமலாப நிதியைக் கொட்டிப் புதிதாகக் கட்டுபவருக்கு அல்ல.

மனைவியின் தையலை நான் அதைவிட நம்புகிறேன். பொங்கல், நோன்புப் பெருநாள், தீபாவளி, பள்ளிக்கூடம் தொடங்கும் காலம் என்று வேலை வரும். ஆனால் காசு கொழும்பு மாதிரிக் கையில் வராது. வயல் செய்யும் குடும்பங்கள் “வெட்டு முடிய தாறன்” என்பார்கள், உண்மையாகவே மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் கொண்டுவந்தும் தருவார்கள், அதுவரைக்கும் நூலும் துணியும் வாங்க உங்கள் கையில் காசு இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குக் குழுக்கடன், அதாவது பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடன், எடுக்க வேண்டாம். வாரத் தவணைக்கு இன்னொரு கடன், அதற்கு இன்னொன்று என்று கிழக்கில் எத்தனையோ பெண்கள் இதில் மாட்டுப்பட்டிருக்கிறார்கள்.

இப்போது 68 இலட்சத்துக்கு வருவோம். 5 இலட்சத்தை லொறிக் கூலி, வாடகை முற்பணம், ஒரு நல்ல மெசினுக்கு ஒதுக்குங்கள். முற்பணம் ஒரு வருடத்துக்குக் கேட்பார்கள், மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 8 இலட்சம் சேமிப்புக் கணக்கில், நினைத்த நேரம் எடுக்கிற மாதிரி. இது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு. பட்டினத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் பெரிய விசயம் என்றால் மட்டக்களப்புக்கோ அனுராதபுரத்துக்கோ கண்டிக்கோ அனுப்பக்கூடும், அந்த நேரம் வான் கூலியும் தங்குமிடமும் கூட நிற்கும் ஆளின் சாப்பாடும் கைக்காசில்தான். கொழும்பில் கிளினிக் கொப்பி இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

மிச்சம் 55 இலட்சம் நிலையான வைப்பில். 8 வீதம் என்று வைத்தால் வருடம் 4,40,000, மாதம் 36,000க்குக் கொஞ்சம் மேல். பட்டினத்துக்கு வெளியே வாடகை வெள்ளவத்தையின் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், ஆகவே வாடகையைப் பெரும்பாலும் வட்டியிலேயே கட்டலாம், அதற்காக முதலைக் கரைக்கத் தேவையில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், உங்கள் கணக்கில் வருடம் 44,000. உங்கள் மொத்த வருமானம் வருடம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம், கொடுக்காவிட்டால் வங்கி தானாகக் கேட்காது. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். அதற்காக ஐந்து வங்கிக்கு அலையச் சொல்லவில்லை, பெரும் பகுதியை இரண்டு அரச வங்கிகளில் பிரித்து, உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலுமாகப் போட்டால் போதும். இரண்டு வீதம் கூடத் தருகிறோம் என்று நிதிக் கம்பனிக்காரர் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வந்த முதல் வாரமே கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள், வாக்காளர் இடாப்பிலிருந்து வெள்ள நிவாரணப் பட்டியல் வரை எல்லாம் அவர் கையால்தான் போகிறது. அடுத்த காணி யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் தெரிந்திருப்பவரும் அவர்தான்.

விற்பவர் முற்பணம் கேட்டு நெருக்கினால் ஒன்று கேளுங்கள்: பேமிட்டின் பிரதியையும், கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளர் கொடுத்த சம்மதக் கடிதத்தையும் தாருங்கள், பிறகு பேசுவோம் என்று. ஏற்கெனவே ஏதும் கொடுத்திருந்தால் தொகையையும் எழுதிய கடதாசியின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள், அதைத் திருப்பி எடுக்கும் வழியை முதலில் பார்ப்போம்.