பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அடுத்த படி பி.எட்., 2 வருடம். பாளையங்கோட்டையிலேயே சேவியர், இக்னேஷியஸ் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன, இக்னேஷியஸ் பெண்களுக்கானது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தாள் 2 தேற வேண்டும். 150 மதிப்பெண்ணில் 60 கணிதம், அறிவியலுக்கு. மீதி தமிழ், ஆங்கிலம், குழந்தை மேம்பாடு, தலைக்கு 30. உங்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலும் வரும், அதை இப்போதே தொடங்குங்கள். மேல்நிலை வகுப்புக்கு முதுகலையும் பி.எட்.டும் வேண்டும்.

பி.எட்.டில் உயிர்நாடி 20 வாரப் பள்ளிப் பயிற்சிதான். கையெழுத்துக்காகப் போய்விட்டு வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என் பயிற்சியின்போது ஏழாம் வகுப்பில் குறை எண் எடுத்தேன். விதியை மூன்று தடவை சொல்லியும் பிள்ளைகள் முழித்தார்கள். பிறகு கரும்பலகையில் தாமிரபரணிப் படித்துறையை வரைந்தேன். தண்ணீர் மட்டம் 0. மேலே உள்ள படிகள் 1, 2. முங்கிய படிகள் −1, −2. “−2-ல நிக்கவன் 5 படி ஏறினா?” என்றதும் பின்பெஞ்சுப் பையன், “மூணாம் படில நிப்பான் சார்!” என்றான். அந்தப் படத்தைப் பாடக்குறிப்பேட்டில் இன்னும் வைத்திருக்கிறேன். நீங்களும் ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.