130 மி.மீ. தொலைநோக்கிக்கு அடுத்து எந்த ஐபீஸ் வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பென்னாகரத்தில் இருக்கிறீர்கள். 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட ஆடித் தொலைநோக்கி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பெட்டியோடு 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழாய்கள்) வந்தன. கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. 4 மி.மீ. ஐபீஸ், மும்மடங்கு பார்லோ (ஐபீஸோடு சேர்த்துப் பொருத்தி உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை), வண்ண வடிகட்டித் தொகுப்பு, வானம் நகர்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் ஆகிய நான்கில் எதை முதலில் வாங்கலாம் என்பது கேள்வி.

நான்கில் எதையும் வாங்காதீர்கள். இரண்டு அமாவாசைகள் வரும்வரை கையில் இருக்கும் இரண்டு ஐபீஸ்களையே பயன்படுத்துங்கள். அதன்பிறகு 6 மி.மீ. அகலப்பார்வை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். மீதிப் பணத்தில், உட்கார்ந்து பார்க்க உயரத்தை மாற்றிக்கொள்ளும் இருக்கை ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து சில மாதங்களையும் எங்கள் ஆயாவின் (பாட்டியின்) ஓர் இரவையும் வீணாக்கியவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லை இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், மழை விட்ட ஓர் இரவு, உங்களுடையதைப் போன்ற 130 மி.மீ. தொலைநோக்கியைக் களத்தில் வைத்துச் சனியைத் தேடிப் பிடித்தேன். அப்போதுதான் இணையக் கடை ஒன்றிலிருந்து 4 மி.மீ. ஐபீஸும் மும்மடங்கு பார்லோவும் வந்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 487 மடங்கு. வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டேன். ஆயாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. குனிந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் முயன்றார். “ஒன்றும் தெரியவில்லை சாமி, என் இமைதான் தெரிகிறது” என்றார். அவர் பார்வையில் குறை இல்லை. நான் பார்த்தபோதும் நடுங்கும் மஞ்சள் கறைதான் தெரிந்தது.

அன்று நடந்தது என்ன என்பதைப் பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன். கணக்கு எளிது. தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். உங்கள் 25 மி.மீ. 26 மடங்கு தரும், 10 மி.மீ. 65 மடங்கு. ஒரு தொலைநோக்கி தாங்கும் உச்ச உருப்பெருக்கம், அதன் விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. உங்களுக்கு அது 260. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியாது. இருட்டும் கலங்கலும்தான் கூடும். என்னுடைய 487 எங்கே, 260 எங்கே!

“அப்படியானால் 4 மி.மீ. தனியாக 162 மடங்குதானே, வரம்புக்குள் இருக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அங்கேதான் எண்ணை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் சைமன் பிளோசல் 1860இல் வடிவமைத்த அமைப்புதான் இன்றும் விலை குறைந்த ஐபீஸ்கள் பலவற்றில் இருக்கிறது. நல்ல அமைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கண்ணை வைக்க வேண்டிய தூரம், ஐபீஸின் குவியத் தொலைவில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். 25 மி.மீ. என்றால் பதினெட்டு மில்லிமீட்டர் தள்ளி வசதியாகப் பார்க்கலாம். 4 மி.மீ. என்றால் மூன்று மில்லிமீட்டர். இமை முடி கண்ணாடியில் உரசும் தூரம் அது. ஆயா பார்த்தது உண்மையிலேயே தன் இமையைத்தான்.

அகலப்பார்வை 6 மி.மீ. ஐபீஸை நான் சொல்வது இதற்காகவே. 66 டிகிரி பார்வை அகலம் கொண்ட வகை ஒன்று பரவலாகக் கிடைக்கிறது. உடலில் தங்க நிற வளையம் இருக்கும். கண்ணைப் பதினைந்து மில்லிமீட்டர் அளவு தள்ளி வைத்தே பார்க்கலாம். உங்களுக்கு 108 மடங்கு கிடைக்கும். நிலா முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். வியாழனின் பட்டைகளுக்கும், சனியின் வளையத்துக்கும், நிலாவின் பள்ளங்களுக்கும் நம் ஊர்க் காற்றில் பெரும்பாலான இரவுகளில் இதற்கு மேல் தேவைப்படாது. ஐபீஸின் அடிக்குழாய் 1.25 அங்குலமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தொலைநோக்கிக்கு அந்த அளவே போதும்.

நீங்கள் மூக்குக்கண்ணாடி அணிபவரா என்று எழுதவில்லை. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுக் குவியத் திருகைத் திருப்பினால் போதும், அதுவே ஈடுசெய்துவிடும். சிலிண்டர் பவர் இருந்தால் திருகால் சரிசெய்ய முடியாது; புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன் கோடாக நீளும். எனக்கு அப்படித்தான். 25 மி.மீ. ஐபீஸில் கண்ணாடியோடு பார்க்கிறேன். 6 மி.மீ. ஐபீஸில் அந்தத் தொல்லை குறைந்துவிடுகிறது, ஏனென்றால் அதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன்; கண்ணின் நடுவில் சிறு பகுதிதான் வேலை செய்கிறது.

இரு மடங்கு பார்லோ வேண்டுமானால் தவறில்லை. 25 மி.மீ. 52 மடங்காகும், 10 மி.மீ. 130 மடங்காகும், கண் தூரமும் குறையாது. ஆனால் பெட்டியோடு வரும் 10 மி.மீ. ஐபீஸ்கள் பலவும் சுமார் ரகம். சுமாரானதை இரு மடங்காக்கினால் அதன் குறையும் இரு மடங்காகும். அதனால்தான் தனி 6 மி.மீ. என்கிறேன். மும்மடங்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பூமியின் சுழற்சி. வானம் ஒரு நொடிக்குப் பதினைந்து விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. 26 மடங்கில் ஒரு பொருள் உங்கள் பார்வையைக் கடந்து போக ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். 10 மி.மீ. ஐபீஸோடு மும்மடங்கு பார்லோ சேர்த்தால் 195 மடங்கு. ஒரே நிமிடத்தில் ஓடிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் விலகி, ஆயா குனிந்து, கண்ணை வைத்து, தாங்கியின் நடுக்கம் அடங்க வேண்டும். நடக்காத காரியம். பலருக்குக் காட்ட விரும்புபவருக்குக் குறைந்த உருப்பெருக்கம்தான் உற்ற துணை.

மோட்டார் இதற்குத் தீர்வாகாதா என்றால், கண்ணால் பார்க்க இப்போதைக்குத் தேவையில்லை. மோட்டார் சரியாக வேலை செய்ய, உங்கள் தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி வைக்க வேண்டும். நம் ஊரில் அது 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. பென்னாகரம் பக்கத்தில் வடக்கே ஒரு குன்று இருந்தால் போதும், மறைந்துவிடும். அச்சைத் தோராயமாக வடக்கே வைத்துக் கையால் மெல்லத் திருகிக்கொண்டே பாருங்கள்.

இப்போது காற்று. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் மாவட்டங்களுக்கே உரிய பிரச்சினை இது. நம்மைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பாறை. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய பாறை இரவெல்லாம் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் எழும் காற்று அலையடிக்கும். அந்த அலையின் வழியே பார்த்தால் எவ்வளவு விலை கொடுத்த ஐபீஸும் உதவாது. சிமெண்ட் மொட்டை மாடியும் அப்படியே. நான் பல மாதங்கள் கொல்லையின் பாறை மேட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் ராகி அறுத்த மண் தரைக்கு இறக்கினேன். அதே 10 மி.மீ. ஐபீஸ்தான், வியாழனில் இரண்டாக இருந்த பட்டைகள் நான்காகத் தெரிந்தன. தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆடியைக் குளிரவிடுங்கள். கோள் உச்சிக்கு அருகே ஏறும்வரை காத்திருங்கள். நம் அட்சரேகையில் அவை நன்றாக மேலே ஏறும், வட நாடுகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி அது.

நம் வானத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். நமக்குக் கிழக்கே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு தேடித் தேர்ந்தெடுத்த இடம். அவர் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. கிருஷ்ணகிரியின் அட்சரேகையும் காவலூரின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. மே மாத இரவு பத்து மணிக்குத் தெற்கே 30 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி கோளக் கொத்து நிற்கும். 25 மி.மீ. ஐபீஸில் முழு நிலாவளவு மங்கிய பந்தாகத் தெரியும். அப்படியே 10 மி.மீ. போடுங்கள், பந்தின் விளிம்பு மணல் மணலாகப் பிரியும். பல லட்சம் விண்மீன்கள் கொண்ட கொத்து அது. எனக்குப் பெங்களூரின் வெளிச்சம் வடமேற்கு வானத்தைக் கெடுக்கிறது. பென்னாகரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு.

வடிகட்டிகளைப் பற்றி: வண்ணத் தொகுப்பு வேண்டாம். நிலாவின் வெளிச்சம் கண்ணைக் கூசினால், உங்கள் தொலைநோக்கியின் முன்மூடியில் சிறு மூடி ஒன்று தனியே கழலுகிறதா பாருங்கள். பெரிய மூடியைப் போட்டு அந்தச் சிறு துளை வழியாக மட்டும் பாருங்கள், போதும். ஊர் வெளிச்சத்தை நீக்கும் வடிகட்டி என்று விற்கிறார்கள், எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அது பெரிதாக உதவாது.

தொகுப்போடு, ஐபீஸில் திருகிப் பொருத்தும் சூரிய வடிகட்டி வந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். வேறு யார் கையிலும் கொடுக்க வேண்டாம். ஆடி சேகரித்த வெப்பம் முழுவதும் குவியும் இடத்தில் அது இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும், கண் போய்விடும். சூரியனைப் பார்க்க, அதற்கென்றே செய்த, குழாயின் முன்பக்கம் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டித் தாள்தான் பாதுகாப்பான வழி.

காசில்லாமல் செய்ய வேண்டியது ஒன்று. நம் சாலைகளில் கொண்டு போய்க் கொண்டு வந்தால் ஆடிகளின் நேரமைப்பு கலைந்துவிடும், உங்கள் தொலைநோக்கியின் வகைக்கு அது உடனே தெரியும். குவியக்குழாயில் (ஐபீஸைச் செருகும் குழாயில்) இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடி ஒன்றின் சரியான நடுவில் இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, அதன் வழியே பார்த்து இரண்டு ஆடிகளையும் ஒரே மையத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு ஒரு விண்மீனைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பாருங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவாக நின்றால் சரி. இதைச் செய்யாமல் வாங்கும் எந்த ஐபீஸும் வீண்.

ஐபீஸை வேட்டி முனையால் துடைக்காதீர்கள். கல் குவாரித் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது; அது கண்ணாடியைவிடக் கடினம், கோடு போட்டுவிடும். ரப்பர் ஊதியால் ஊதினால் போதும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். மார்கழிப் பனியில் மாற்று ஐபீஸைச் சட்டைப் பையில் வைத்தால் மங்காது.

இருக்கைக்கு வருகிறேன். அதே 2019ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, பெட்டியோடு வந்த 25 மி.மீ. ஐபீஸில் கார்த்திகை மீன்களைக் காட்டினேன். வானத்தில் ஏறத்தாழ இரண்டு டிகிரி அகலம் அதில் தெரியும். கூட்டம் முழுவதும் அப்படியே அடங்கியது. அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “ஆறு என்றுதான் எண்ணிக் காட்டுவார்கள், இங்கே எண்ணி முடியவில்லையே” என்றார். அடுத்த ஆண்டு 10 மி.மீ. ஐபீஸில் சனியின் வளையத்தையும் பார்த்தார். உட்கார்ந்து பார்க்கும்போது உடல் ஆடுவதில்லை, கழுத்து வலிப்பதில்லை, கண் பொறுமையாகிறது. மங்கலான நுணுக்கங்கள் பொறுமையான கண்ணுக்குத்தான் அகப்படும்.

6 மி.மீ. வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்ய விரும்பினால், அடுத்த அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை உங்கள் தொலைநோக்கியோடு எங்கள் கொல்லைக்கு வாருங்கள். தனிச்செய்தியில் எழுதினால் வழி சொல்கிறேன். என்னுடைய 6 மி.மீ. ஐபீஸை உங்கள் குழாயில் போட்டு இரவு முழுவதும் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு ஒத்துவந்தால் வாங்குங்கள்.