வெயில் இருக்கக் காற்றுக்கு வலை வீசுவானேன்?

கேள்வி: விண்வெளி எங்கும் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயு, பரவிக் கிடக்கிறது. 1996-ல் கொலம்பியா விண்ணோடம் ஏறத்தாழ 20 கி.மீ. நீளக் கம்பியை நீட்டி அதில் மின்சாரமும் எடுத்துக் காட்டியது. பிறகும் விண்வெளியில் சூரிய ஆற்றலைத் திரட்டச் சூரியத் தகடுகளையே நம்பியிருப்பது ஏன்?

பதில்: அந்தக் கம்பியில் ஓடியது சூரியன் தந்த மின்சாரம் அன்று. பூமியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு கம்பி விரைந்ததால் அதில் சுமார் 3,500 வோல்ட் எழுந்தது. சுற்றியிருந்த பிளாஸ்மா, மின்சுற்றை மூடித்தரும் கண்ணுக்குத் தெரியாத கம்பியாக மட்டுமே இருந்தது. அந்த மின்சாரத்துக்காகச் செலவானது விண்ணோடத்தின் சொந்த வேகம்.

சூரியனே அனுப்பும் பிளாஸ்மாவான சூரியக் காற்றைப் பிடிக்கலாமே என்பீர்கள். அது விநாடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றதும் மலைத்துப்போகிறோம். ஆனால் பூமிக்கருகில் ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பவை ஐந்தாறு புரோட்டான்களே. கணக்குப் போட்டுப் பார்த்தால், சதுர மீட்டருக்கு வெயில் 1,361 வாட் கொட்டும் இடத்தில், இந்தக் காற்று சுமந்துவரும் இயக்க ஆற்றல் ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு கிலோவாட்டுக்குத் தகடு என்றால் ஓரிரு கதவுகளின் பரப்பு போதும்; சூரியக் காற்றிலிருந்து அதே ஒரு கிலோவாட்டைப் பெற, சிந்தாமல் சிதறாமல் முழுவதையும் பிடித்தாலும், மூன்று முதல் நான்கு சதுர கிலோமீட்டர் வலை வேண்டும். அதையும் 36,000 கி.மீ. உயரத்தில், பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பது போலச் சுற்றும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் விரித்துப் பயனில்லை, ஏனெனில் பூமியின் காந்தப்புலம் இந்தக் காற்றைப் பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே திருப்பிவிடுகிறது.

பூமியின் காந்தப்புலத்துக்கு அப்பால் கம்பிச்சுருளைக் கொண்டு சூரியக் காற்றின் எலெக்ட்ரான்களை இழுக்கலாம் என்று 2010-ல் ஹாராப், ஷூல்ட்சே-மகூச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு திட்டம் முன்வைத்தது உண்மைதான், அது துணிச்சலான கற்பனையும்கூட. ஆனால் அங்கே எடுத்த ஆற்றலைப் பூமிக்கு லேசராக அனுப்பினால், ஒரு மீட்டர் அகலத்தில் புறப்படும் கற்றைகூட, 15 லட்சம் கி.மீ. தொலைவு என்று வைத்துக்கொண்டால், அதைக் கடந்து இறங்குவதற்குள் கிலோமீட்டர் கணக்கில் விரிந்துவிடும்.

1968-ல் பீட்டர் கிளேசர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்னது போல, தகடுகளில் வெயிலைப் பிடித்து நுண்ணலையாகக் கீழே அனுப்புவதே இன்றும் பொறியாளர்கள் பற்றியிருக்கும் வழி. அங்கேயும் பிளாஸ்மா தலைகாட்டும், ஆனால் உதவிக்கு அன்று: தகடுகளில் மின்னூட்டம் ஏறி மின்பொறி பறந்தால் அவை பழுதாகும். நீங்கள் சான்றாகக் காட்டிய கம்பியும், உறையில் ஏற்பட்ட ஓர் ஓட்டை வழியே மின்பொறி பாய்ந்து எரிந்து அறுந்துதான் போனது.