பாதி விலையில் மேக் கணினி வாங்கலாமா?

கேள்வி: திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோவில் பழகியிருக்கிறேன். சொந்தமாக மேக் வாங்க நினைத்தபோது, கணினி அசெம்பிள் செய்யும் கடைக்காரர் ஒருவர், இன்டெல் பிராசசரும் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டும் போட்டு, அதில் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை ஏற்றி, 40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மானிட்டர் என்னிடம் இருக்கிறது. வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம். பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் இத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 2006-இல் ஆப்பிள் தன் கணினிகளை இன்டெல் பிராசசருக்கு மாற்றிய பிறகு, மேக்கின் உள்ளே இருந்த பாகங்களும் கடையில் அசெம்பிள் செய்த கணினியின் பாகங்களும் ஏறத்தாழ ஒரே வகையாகிவிட்டன. ஹேக்கின்டோஷ் எனப்படும், மேக்ஓஎஸ் ஏற்றிய அசெம்பிள் கணினிகள் பரவியதற்கு அதுவே காரணம். அவற்றுக்கு அன்று உண்மையான தேவையும் இருந்தது. 2013-இல் வந்த உருளை வடிவ மேக் புரோவில் புதிய கிராபிக்ஸ் கார்டைச் செருக இடமே கிடையாது. அதற்கு அடுத்த மேக் புரோ 2019-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேகமான கணினி தேவைப்பட்ட எடிட்டர்கள் சிலர் தாங்களே பாகங்களை வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தச் சூழல் இன்று இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புடன் மேக்குகளை வெளியிடத் தொடங்கியது. 2025 ஜூனில், டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக்ஓஎஸ் என்றும் அறிவித்துவிட்டது. கடைக்காரர் கட்டித் தரும் கணினி இன்டெல் மேக்கைப் போல் நடித்துத்தான் இயங்க முடியும் என்பதால், அந்த வரிசை முடியும் இடத்தில் இதுவும் முடிந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில காலம் வரலாம். ஆனால் ஃபைனல் கட் புரோவின் புதிய பதிப்பு ஒன்று அடுத்த மேக்ஓஎஸ்ஸைக் கேட்கத் தொடங்கும் நாளில் நீங்கள் பழைய பதிப்போடு நின்றுவிடுவீர்கள்.

அது எப்படி நடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது விளங்கும். ஓபன்கோர் என்ற பூட்லோடர், அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல், கணினி தொடங்கும்போது மதர்போர்டுக்கும் மேக்ஓஎஸ்ஸுக்கும் இடையில் நின்று, 'இது இன்ன மாடல் ஐமேக்' என்ற தகவலைக் கொடுக்கிறது. ஒலி, நெட்வொர்க் போன்றவற்றை இயக்கப் கெக்ஸ்ட் எனப்படும் டிரைவர் கோப்புகள் பல தனியே சேர்க்கப்படுகின்றன. கடையிலேயே நீங்கள் இதைச் சோதிக்கலாம். திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, 'அபவுட் திஸ் மேக்' என்பதைத் திறந்தால், உள்ளே எந்த மதர்போர்டு இருந்தாலும் 'ஐமேக்' என்றோ 'மேக் புரோ' என்றோ எழுதியிருக்கும். அங்கே காணும் சீரியல் எண்ணை ஆப்பிளின் வாரன்டி சரிபார்ப்புப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். அது ஆப்பிள் வழங்கிய எண் அன்று. மென்பொருள் ஒன்று உருவாக்கிய எண். ஆகவே, அப்படியொரு எண் பதிவில் இல்லை என்ற விடைதான் பொதுவாக வரும்.

இப்படி இட்டுக்கட்டிய அடையாளத்தின் மேல் நிற்கும் கணினியில், ஒவ்வொரு அப்டேட்டும் பரீட்சையாகிவிடுகிறது. 2018-இல் மேக்ஓஎஸ்ஸின் மொஹாவே பதிப்பு வந்தபோது, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்கு டிரைவர் கிடைக்காமல் போயிற்று. நல்ல விலை கொடுத்து அவற்றை வாங்கியிருந்தவர்கள் பழைய ஹை சியரா பதிப்பிலேயே தங்க வேண்டியதாயிற்று. 2023-இல் சோனோமா பதிப்பு வந்தபோது, ஆப்பிள் சாதனங்களுக்கிடையே கோப்புகளை அனுப்பும் ஏர்டிராப் வேலை செய்யவேண்டும் என்பதற்காகவே ஹேக்கின்டோஷ்காரர்கள் தேடித்தேடி வாங்கிய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான ஆதரவை ஆப்பிள் நீக்கிவிட்டது. அதன் பிறகு அவற்றை இயக்க இயங்குதளத்தின் கோப்புகளையே மாற்றி ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. இவற்றில் ஆப்பிளைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. தன் கணினிகளில் இல்லாத பாகத்தை ஆதரிக்க அதற்குக் கடமை கிடையாது. முகூர்த்த மாதத்தில், ஆல்பமும் வீடியோவும் கேட்டு இரண்டு குடும்பங்கள் நாள்தோறும் தொலைபேசியில் அழைக்கும் நேரத்தில், கணினி தொடங்கும்போதே நின்றுவிட்டால் யாரிடம் போவீர்கள் என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆப்பிள் சர்வீஸ் சென்டர் அதைத் தொடாது. கடைக்காரருக்கு உங்கள் கணினியில் ஓபன்கோரின் அமைப்புகளை வைத்திருக்கும் கன்ஃபிக் கோப்பை வரி வரியாகப் படித்துத் திருத்தத் தெரியுமா, அல்லது வேறொருவர் தயாரித்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

விலையையும் பார்த்துவிடுவோம். 2024 நவம்பரில் எம்4 சிப்புடன் வந்த மேக் மினி, 16 ஜிபி நினைவகத்தோடு இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. மானிட்டர் உங்களிடம் இருப்பதால் சாதாரண கீபோர்டும் மவுஸும் போதும். அதன் 256 ஜிபி சேமிப்பிடம் உங்கள் தொழிலுக்குப் போதாது என்பது உண்மைதான். வீடியோ கோப்புகளுக்கு வெளியே செருகும் எஸ்எஸ்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் எச்.264, ஹெச்இவிசி, புரோரெஸ் ஆகிய வீடியோ வடிவங்களைக் கையாளத் தனிப்பகுதி அந்தச் சிப்பிலேயே இருக்கிறது. அசெம்பிள் செய்த கணினியில் புரோரெஸ்ஸுக்கு அந்த வசதி கிடைக்காது. ஆக, பாதி விலை என்று சொல்லப்படுவது உண்மையில் பாதி விலை அன்று. அந்த அறிமுக விலைப்படி, இருபதாயிரமும் எஸ்எஸ்டியின் விலையும்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசமும் இப்போதைக்குச் சுமையென்றால் இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. ஒன்று, பழைய எம்1 மேக் மினி. விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன்னே கணினியை முழுதாக அழித்து, முதல் நாள் போல மீண்டும் தொடங்கிக் காட்ட வேண்டும். அப்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டாலோ, ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டினாலோ பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றொன்று, அதே 40,000 ரூபாயில் விண்டோஸ் கணினி கட்டி, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பழகுவது. அதில் சில கேமராக்களின் 10 பிட் கோப்புகளுக்கு வரம்புகள் உண்டு என்பதால், உங்கள் கேமராவில் எடுத்த கோப்பு ஒன்றைக் கொண்டுபோய் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: நம் வீடுகளில் உள்ள அசெம்பிள் கணினிகளும் ஐபிஎம்மின் நகல்கள்தாமே? அவை சரி, மேக்கின் நகல் மட்டும் எப்படித் தவறாகும்? – வாசகி, மதுரை

பதில்: நகல் என்பதால் தவறில்லை, எப்படி நகலெடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஐபிஎம் பிசி 1981-இல் வந்தது. அதன் பாகங்களில் பெரும்பாலானவை யாரும் வாங்கக்கூடியவை. டாஸ் இயங்குதளத்தைப் பிற நிறுவனங்களுக்கும் விற்க மைக்ரோசாஃப்ட்டுக்கு உரிமை இருந்தது. ஐபிஎம்முக்கே உரியதாக இருந்தது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல். காம்பாக் நிறுவனம் அதைப் பிரதி எடுக்கவில்லை; ஐபிஎம்மின் நிரலைப் பார்த்திராத பொறியாளர்களை வைத்து, அதே வேலையைச் செய்யும் புதிய நிரலை எழுத வைத்தது. இன்றைய அசெம்பிள் கணினிகள் அந்த வழியில் வந்தவை.

அதே காலத்தில் ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்கு நகல் செய்தபோது, ஆப்பிளின் நிரல்களை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆப்பிளில் நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹஸ்டனின் பெயர்கூட ஃபிராங்க்ளினின் நிரலுக்குள் இருந்தது. 1983-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இயங்குதளமும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே என்று ஆப்பிளின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஈரோடு வாசகருக்குக் கடைக்காரர் தர முன்வருவது இரண்டாம் வகை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-இல் இதையே செய்தது. மேக்ஓஎஸ்ஸைக் கடையில் காசு கொடுத்து வாங்கியதாகவும், வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்றும் வாதாடியது. ஆனால் அது ஒரு பிரதியை மாற்றியமைத்து, அதையே தான் விற்ற கணினிகளில் எல்லாம் ஏற்றியிருந்தது. 2009-இல் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. 2011-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஆப்பிள் தன் மென்பொருளைத் தன் கணினியோடு மட்டும் பிணைத்துக்கொள்வதால் மற்றவர்கள் வேறு இயங்குதளம் எழுதுவது தடைபடவில்லை என்று நீதிபதிகள் கருதினர். அந்த வாதத்தை நானும் ஏற்கிறேன்.

அது அமெரிக்கத் தீர்ப்பு. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்திலும், உரிமை மீறிய மென்பொருள் பிரதியை அறிந்தே பயன்படுத்துவது 63பி பிரிவின் கீழ்க் குற்றம். லாபத்துக்காகவோ வணிகத்திலோ பயன்படுத்தாதவருக்குச் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; தொழிலுக்குப் பயன்படுத்துபவருக்கு அந்தச் சலுகை இல்லை. மேக்ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தமோ, ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

கேள்வி: சில ஆண்டுகளாக ஹேக்கின்டோஷில்தான் லாஜிக் புரோ வைத்து இசைப்பதிவு செய்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. உடனே விட்டுவிட வேண்டுமா? – வாசகர், திருச்சி

பதில்: உரிமம் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும், ஆகவே மாறுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பதிவு வேலை முடியும் வரை தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். பாடல் கோப்புகளை இன்றே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாகவும் எடுத்து வைப்பது நல்லது. நீங்கள் பயன்படுத்தும் பிளக்இன்களுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் ஆப்பிள் சிப்புக்கான பதிப்பு உண்டா என்று அந்தந்த நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். பழைய பிளக்இன் ஏதேனும் அதில் இல்லையென்றால், அதைப் பயன்படுத்திய தடங்களை மட்டும் இந்தக் கணினியிலேயே ஒலிக்கோப்பாக மாற்றிவிட்டு, பிறகு புதியதற்கு மாறுங்கள்.