மணி சிரிக்கவில்லை

கேள்வி: அன்ரி, எனக்கு 27 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். அப்பா 34 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்க்கும் கொக்கட்டீல் கிளிக்கு மணி என்று பெயர். அதற்கு உடுப்புத் தைத்துப் போட்டோ எடுப்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. பட்டு வேட்டி, தலைப்பாகை, வக்கீல் கோட், கிரிக்கெட் சேட்டு எல்லாம் அம்மம்மாவின் பழைய மெஷினில் தைத்து வைத்திருக்கிறார். இரண்டு ஆல்பம் நிறைந்துவிட்டது. போன மாதம் என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஆல்பத்தை எடுத்து நீட்டிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியம்மா, “இவருக்கு வேறை வேலை இல்லையோ?” என்றார். மாப்பிள்ளை கிளியின் பெயரைக் கேட்டார். அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு கதைப்பதில்லை. கனடாவில் இருக்கிற அண்ணா, “அப்பாவை டொக்டரிட்டைக் காட்டு” என்கிறான். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? கிளிக்கு இதனால் ஏதும் கரைச்சல் வருமா? கோட் போட்டதும் வாயைத் திறந்து, செட்டையை அகட்டிக்கொண்டு நிற்கும். மணி சிரிக்கிறான் என்று அப்பா சொல்வார்.
– வெள்ளவத்தை வாசகி

பதில்: பிள்ளை, போகிற போக்கில் கடைசியாக எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். மணி சிரிக்கவில்லை. அலகைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து அகட்டிக்கொண்டு நிற்பது சூடு தாங்காத பறவை செய்கிற வேலை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயால் இளைத்தும் செட்டைக்கு அடியில் காற்று வாங்கியும்தான் சூட்டை இறக்கும். கொழும்புப் புழுக்கத்தில் நாங்களே ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளிக்கிறோம். அது பிறந்த நாளிலிருந்து இறகுச் சட்டையோடு இருக்கிறது. அதற்கு மேல் வக்கீல் கோட்!

சூடு மட்டும் என்றால் ஃபேனைப் போட்டுச் சமாளிக்கலாம். எனக்குப் பயம் மூச்சைப் பற்றித்தான். எங்களுக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் இருக்கிறது, அது ஏறி இறங்க மூச்சு வந்து போகிறது. பறவைக்கு அது இல்லை. மார்பெலும்பு வெளியே தள்ளி உள்ளே வந்தால்தான் காற்றுப் பைகளுக்குள் காற்றுப் போய் வரும். அதனால்தான் பழகினவர்கள் கிளியைக் கழுத்தடியில் பிடிப்பார்கள், நெஞ்சைச் சுற்றி விரலை இறுக்க மாட்டார்கள். நன்றாக வளர்ந்த கொக்கட்டீலின் நிறையே 80 முதல் 100 கிராம்தான், ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. அதன் நெஞ்சுக்கு மேல் பொத்தான் பூட்டினால், அப்பா எவ்வளவு தளர்வாகத் தைத்திருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கோட் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கும்போது மணியின் வால் மேலும் கீழும் ஆடினால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் பறவைகளைப் பார்க்கிற மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

தலைப்பாகையும் சரிவராது. கொக்கட்டீலுக்கு முகபாவம் என்று ஒன்று இருந்தால் அது கொண்டையில்தான் இருக்கிறது. ஆறுதலாக இருந்தால் கொண்டை பாதி சாய்ந்திருக்கும். திடுக்கிட்டால் குத்தென்று நிமிரும். கோபமும் பயமும் சேர்ந்தால் தலையோடு ஒட்டப் படிந்துவிடும், சீறலும் வரும். தலைப்பாகை கட்டியதும் அந்தக் கொண்டை மறைந்துபோகிறது. அப்பா மணியை இவ்வளவு பாசமாகப் பார்த்தும், சிரிக்கிறான் என்று பிழையாக வாசித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? “விசர் வேலை” என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. அண்ணாவுக்கும் சொல்லுங்கள். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருங்கள். கோட் போட்ட படங்களை ஒரு பக்கமும், உடுப்பில்லாமல் சும்மா எடுத்த படங்களை மறுபக்கமும் வைத்து, எத்தனையில் அலகு திறந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 34 வருடம் கணக்குப் பார்த்த மனுசன். நீங்கள் வாய் திறக்க முதலே தானே எண்ணத் தொடங்கிவிடுவார்.

பொழுதுபோக்கை நிறுத்தச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். அது நோயும் இல்லை, புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஹரி விட்டியர் ஃபிரீஸ் என்று ஒரு படப்பிடிப்பாளர் இருந்தார். 1906இல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளையாட்டாகக் கைமாறிய கடதாசித் தொப்பி பூனையின் தலையில் போய் இருந்ததாம். அதிலிருந்து பூனைக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் உடுப்புப் போட்டுப் படமெடுப்பதே அவருக்குத் தொழிலாகிவிட்டது, தபாலட்டைகளாக விற்றுத் தீர்ந்தன. ஆனால் வருடத்தில் மூன்று மாதம்தான் படமெடுப்பாராம், அவ்வளவு அலுப்பு. எடுத்த நெகட்டிவ்களில் மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்கே போனது. நானும் சளைத்தவள் இல்லை. எட்டு வயதில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுச் சேவலுக்குத் தீபாவளியன்று ரிபன் கட்டப் போய், அது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புகுந்து பின்னேரம்வரை வெளியே வரவில்லை. பலகாரம் காட்டியும் வரவில்லை.

சரி, உடுப்பும் வேண்டும், கிளியும் சுகமாக இருக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பழைய ஸ்டூடியோக்களில் விமானம், கார் என்று மட்டையில் கீறி வைத்திருப்பார்களே, பின்னால் போய் நின்று தலையை மட்டும் காட்டினால் நாங்கள் விமானி. சீட்டாடும் நாய்களை வரைந்து பேரெடுத்த கூலிட்ஜ் என்ற ஓவியர்தான் அந்த வகை மட்டைகளைப் பரப்பியவர் என்று சொல்வார்கள். அதையே மணிக்குச் செய்யுங்கள். ஒரு சாண் உயர மட்டையில் ஆள் வடிவம் வெட்டி, கழுத்து வருகிற இடத்தை அரைவட்டமாக விட்டு, அப்பா தைத்த பட்டு வேட்டியையும் கோட்டையும் மட்டைக்கு உடுத்திவிடுங்கள். மட்டைக்குப் பின்னால் மூன்று நாலு அங்குலம் தள்ளி, தலையும் கழுத்தும் மட்டும் மேலே தெரிகிற உயரத்தில் ஒரு தடி. மணி அதில் வந்து இருந்தால் வக்கீல். பிடிக்கவில்லை என்றால் பறந்துவிடலாம். தைத்த உடுப்பு ஒன்றும் வீண்போகாது. புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் துண்டுத் துணி வாங்கப் போகிற வேலையும் அப்பாவுக்கு மிஞ்சும்.

துணியும் நூலும் மட்டும் போதும். ஜிகினா, பாசிமணி, உலோகக் கொளுக்கி, பசை ஒன்றும் வேண்டாம், கிளி கடித்துப் பார்க்காமல் விடாது. ஈயமும் துத்தநாகமும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தொங்குகிற நூலை நறுக்கிவிடுங்கள், நகத்தில் சிக்கும். மட்டைக்கு நிறம் அடிப்பதென்றால் ஸ்பிரே பெயின்ற் வீட்டுக்குள் அடிக்கக் கூடாது, அந்த மணத்தைப் பறவையின் சுவாசப்பை தாங்காது.

மட்டையைக் கண்டதும் மணி பயப்படலாம். முதல் நாலைந்து நாள் கூட்டுக்குத் தூரத்தில் சும்மா வைத்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். படமெடுப்பது ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. பிளாஷ் வேண்டவே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். போனுக்கு மேலே ஒரு தினைக் கதிரைப் பிடித்தால் கண் நேரே கமராவுக்கு வரும். மரைன் டிரைவ் பக்கம் பல்கனி இருந்தால் பின்னேர வெளிச்சம் வடிவுதான், ஆனால் மணியை அங்கே கொண்டுபோக வேண்டாம். கொழும்புக் காகங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திடுக்கிட்டுப் பறந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காலி வீதி.

அம்மாவின் கோபம் கிளியில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சபையில் தலை குனிந்த கோபம் அது. மட்டைக்கு ஒரு சீலை உடுத்தும்போது கொசுவம் எப்படி வைப்பது என்று அப்பாவையே போய் அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நிச்சயம் பிழையாகத்தான் வரும், அம்மாவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

இன்னொன்று, பிள்ளை. பெரியம்மா சொன்னதை அச்சொட்டாக எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அதிலும், அவர் கிளியின் பெயரைக் கேட்டதற்கு யார் பதில் சொன்னது என்று எழுதவில்லை. நீங்களா, அப்பாவா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.