ஜெயித்த பெண் குதிரையின் குட்டியும் ஜெயிக்குமா? அர்பன் சீயை வைத்து ஒரு பதில்

கேள்வி: பந்தயத்தில் பெரிய வெற்றி பெற்ற பெண் குதிரைகள் ஓய்வுக்குப் பிறகு என்ன ஆகின்றன? அவற்றின் குட்டிகளும் ஜெயிக்குமா? எங்கே பார்த்தாலும் தகப்பன் குதிரையின் பெயரைத்தானே பெரிதாகப் பேசுகிறார்கள்?

தகப்பன் பெயர் பெரிதாகக் கேட்பதற்கு முதல் காரணம் எண்ணிக்கைதான். பேர்பெற்ற ஒரு பொலிகுதிரையிடம் ஒரே பருவத்தில் நூறு, நூற்றைம்பது பெண் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெண் குதிரைக்கோ சினைக்காலம் பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டி, அதுவும் எல்லா ஆண்டும் சினை நிற்காது. பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலும் கூடாது, கருவை எடுத்து வேறொரு குதிரையின் வயிற்றில் வைப்பதும் கூடாது. நேரடியாக இணை சேர்ந்து பிறந்தால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். ஆக, ஒரு பெண் குதிரை ஆயுள் முழுக்கப் பத்துக் குட்டி ஈன்றாலே நல்ல கணக்கு.

ஆனால் குதிரை வாங்குகிறவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய ஏலங்களின் கையேட்டில் ஒரு குட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். மேலே சின்னதாக ஒரு வம்சாவளிக் கட்டம், தகப்பனைப் பற்றி நாலைந்து வரி. அதோடு அவர் கதை முடிந்தது. மீதிப் பக்கம் முழுவதும் தாய், தாயின் தாய், அவளுக்குத் தாய் என்று இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொருத்தியும் ஈன்ற குட்டிகள், அவை ஜெயித்த பந்தயங்கள், பெரிய பந்தயத்தில் ஜெயித்திருந்தால் தடித்த கறுப்பு எழுத்தில் பெயர். பக்கத்தைத் திறந்ததும் அந்தக் கறுப்பு எவ்வளவு இருக்கிறது என்றுதான் கண் தேடும். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவற்றை உடன்பிறப்பு என்று யாரும் சொல்வதில்லை, அப்படிப் பார்த்தால் ஊரெல்லாம் உடன்பிறப்புதான். தாய் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்த உறவு.

எனக்குப் பணம் கட்டும் பழக்கம் கிடையாது. கிண்டி ரேஸ் புத்தகம் கையில் கிடைத்த காலத்திலிருந்தே குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் தாய் தகப்பன் பெயர்களைப் படிப்பதுதான் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் எனக்குப் பிடித்தமான பெயர் அர்பன் சீ. உங்கள் கேள்விக்கு இவளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1989-இல் அமெரிக்காவில் பிறந்தவள். தகப்பன் மிஸ்வாக்கி, தாய் அலெக்ரெட்டா. பிரான்சில் ஜான் லெஸ்போர்த் பயிற்சியில், ஹாங்காங்கைச் சேர்ந்த டேவிட் சூயி குடும்பத்துக்காக ஓடினாள். 24 ஓட்டம், 8 வெற்றி. மோசமில்லை, ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்து யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். 1993 அக்டோபரில் பாரிஸின் லாங்ஷாம்ப் மைதானத்தில் ஆர்க் பந்தயம் நடந்தது. 2400 மீட்டர், ஐரோப்பாவில் அந்த ஆண்டின் உச்சகட்டப் போட்டி. அர்பன் சீயை யாரும் கணக்கில் வைக்கவில்லை, பந்தய விலை 37-க்கு 1, அதாவது ஒரு ரூபாய் கட்டி அவள் ஜெயித்தால் 37 ரூபாய் லாபம். எரிக் சான் மர்த்தான் அவள் மேல் இருந்தார். அவருடைய அப்பா ஈவ் சான் மர்த்தான் இதே ஆர்க்கை நான்கு முறை ஜெயித்த ஜாக்கி. வைட் மஸ்ஸில், ஆப்பரா ஹவுஸ் என்று அந்தப் பருவத்தின் பெரிய பெயர்களைப் பின்னால் தள்ளிக் கழுத்து நீளத்தில் ஜெயித்தாள். அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைத்தவர்கள் அன்றைக்கு நிறையப் பேர் இருந்திருப்பார்கள், அந்த விலையே அதைத்தான் சொல்கிறது.

பண்ணைக்குப் போன பிறகுதான் கதையே. பெரிங் என்ற பொலிகுதிரைக்குப் பிறந்த மூத்தவன் அர்பன் ஓஷன் அயர்லாந்தில் ஒரு குரூப் 3 பந்தயம் (உயர்தரப் பந்தயங்களின் மூன்று படிகளில் மூன்றாவது, குரூப் 1தான் உச்சி) ஜெயித்தான். அடுத்தது லாம்டாராவுக்குப் பிறந்த மெலிக்கா. பெண் குதிரைகளுக்கான எப்சம் ஓக்ஸில் மூன்றாவதாகவும் ஐரிஷ் ஓக்ஸில் இரண்டாவதாகவும் வந்தவள். அப்புறம் சாட்லர்ஸ் வெல்ஸ். அந்த ஜோடிக்கு 1998-இல் பிறந்தவன் கலிலியோ. 2001-இல் எப்சம் டெர்பி, ஐரிஷ் டெர்பி, கிங் ஜார்ஜ் என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் அள்ளினான். அவன் கூடப் பிறந்த தம்பி பிளாக் சாம் பெல்லமி குரூப் 1 வெற்றியாளன், தங்கை ஆல் டூ பியூட்டிஃபுல் 2004 ஓக்ஸில் இரண்டாவது. ஜயன்ட்ஸ் காஸ்வேக்குப் பிறந்த மை டைஃபூன் அமெரிக்காவின் சரடோகாவில் டயானா பந்தயத்தை 2007-இல் ஜெயித்தாள்.

பிறகு 2006-இல், கேப் கிராஸுக்கு, சீ தி ஸ்டார்ஸ்.

இந்தக் குதிரையின் 2009-ஆம் ஆண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மே மாதம் '2000 கினீஸ்' என்ற பந்தயம், ஜூனில் டெர்பி, ஜூலையில் எக்லிப்ஸ், ஆகஸ்டில் யார்க் மைதானத்தில் இன்டர்நேஷனல், செப்டம்பரில் ஐரிஷ் சாம்பியன், அக்டோபரில் ஆர்க். மாதம் ஒன்று என்று ஆறு குரூப் 1, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. கினீஸ் 1600 மீட்டர், டெர்பியும் ஆர்க்கும் 2400 சொச்சம். வேகத்துக்கு வளர்த்த குதிரை தூரத்தில் மூச்சு வாங்கும், தூரத்துக்கு வளர்த்தது கினீஸில் பின்தங்கும். இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் ஜெயித்த முதல் குதிரை இவன்தான். தாய் ஜெயித்த அதே ஆர்க்கை மகனும் ஜெயித்தான். ஆனால் அர்பன் சீ அதற்குள் இல்லை. கினீஸுக்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 2009-இல், அயர்லாந்து தேசியப் பொலிப்பண்ணையில் இன்னொரு குட்டியை ஈன்ற பிறகு ஏற்பட்ட சிக்கலில் இறந்துபோனாள். வயது 20. அந்தக் கடைசிக் குட்டி பார்ன் டு சீ பிழைத்து வளர்ந்து 2012 ஐரிஷ் டெர்பியில் இரண்டாவதாக வந்தான்.

சரி, இதில் தாயின் பங்கு எவ்வளவு? மரபணு பாதிப் பாதிதானே என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் மாப்பிள்ளைகளின் பட்டியலைக் கவனிக்கச் சொல்கிறேன். சாட்லர்ஸ் வெல்ஸ் 14 முறை பிரிட்டன், அயர்லாந்தின் முதல்நிலைப் பொலிகுதிரை, அதாவது அந்தந்த ஆண்டில் அதிகப் பரிசுப் பணம் ஜெயித்த குட்டிகளின் தகப்பன். அவனோடு சேர்ந்தால் யார் வயிற்றிலும் நல்லது பிறக்கத்தான் செய்யும். கலிலியோவின் பெருமையை அவனோடு பங்குபோட வேண்டியதுதான். ஆனால் லாம்டாரா? ஓடிய நான்கிலும் தோற்காதவன், 1995-இல் டெர்பியும் கிங் ஜார்ஜும் ஆர்க்கும் ஜெயித்தவன். 3 கோடி டாலர் கொடுத்து ஜப்பான்காரர்கள் வாங்கிப்போனார்கள், பொலிகுதிரையாக ஏமாற்றிவிட்டான். அவனிடமிருந்தும் அர்பன் சீ மெலிக்காவைப் பெற்றாள். பெரிங், ஜயன்ட்ஸ் காஸ்வே, கிரீன் டெசர்ட் எல்லாம் வெவ்வேறு குதிரைகள், கேப் கிராஸும் இன்வின்சிபிள் ஸ்பிரிட்டும் மட்டும் கிரீன் டெசர்ட்டின் மகன்கள். யாரோடு சேர்ந்தாலும் தரம் ஏறக்குறைய அதே. நான்கு வெவ்வேறு குட்டிகள் குரூப் 1 ஜெயித்தன, மூன்று வெவ்வேறு தகப்பன்களுக்கு. என்னைப் பொறுத்தவரை சான்று அதுதான்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆர்க் ஜெயித்தவளுக்குத்தான் சாட்லர்ஸ் வெல்ஸ் கிடைப்பான். சுமாராக ஓடியவளை அந்தக் கட்டணம் கட்டி யாரும் அனுப்ப மாட்டார்கள். நல்ல வாய்ப்பு நல்ல குட்டிகளைக் கொடுக்கிறது என்பதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் இவள் கணக்கு பெரியது.

ஓடிய பெருமை அப்படியே குட்டிக்கு வரும் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. அர்பன் சீயின் தாய் அலெக்ரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஷ்லெண்டர்ஹான் பண்ணையின் பழைய வம்சம், ஆனால் மைதானத்தில் சாதாரணம். அவள் வயிற்றில் ஒரு ஆர்க் வெற்றியாளரும், 2000-ஆம் ஆண்டின் கினீஸ் வெற்றியாளன் கிங்ஸ் பெஸ்ட்டும் பிறந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் பெட்டீட் எத்வால். 1959-இல் 1000 கினீஸும் ஓக்ஸும் ஜெயித்த மகாராணி, பண்ணையில் பெரும் ஏமாற்றம். ஒரு மகளை விட்டுப் போனாள். அந்த மகளின் வழியில் ஐந்தாவது தலைமுறையில்தான் சர்கவா வந்தாள், ஏழு ஓட்டத்தில் தோல்வியே இல்லாமல் 2008 ஆர்க்கோடு ஓய்வு பெற்றாள். நடுவில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு. அந்தப் பண்ணை அவ்வளவு காலம் அந்த வழியைக் கைவிடாமல் வைத்திருந்ததைத்தான் நான் வியக்கிறேன்.

அர்பன் சீக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, காரணம் மகன்கள். கலிலியோ அயர்லாந்தின் கூல்மோர் பண்ணையில் 2021-இல் இறக்கும்வரை நின்றான். 12 முறை முதல்நிலைப் பொலிகுதிரை. 14 ஓட்டத்தில் 14 வெற்றி கண்ட ஃபிராங்கல் அவன் மகன், ஐந்து எப்சம் டெர்பி வெற்றியாளர்களுக்கும் அவன் தகப்பன். சீ தி ஸ்டார்ஸ் தன் பங்குக்கு ஹர்சாண்ட், தக்ரூதா, பயீத், ஸ்ட்ராடிவேரியஸ் என்று கொடுத்தான்.

பேரன் பேத்திகளின் பட்டியலைத்தான் நம்ப முடியாது. 2016 ஆர்க்கை ஜெயித்த ஃபவுண்ட் கலிலியோவின் மகள். அன்று முதல் மூன்று இடமும் கலிலியோவின் பிள்ளைகளுக்கே. 2017, 2018 இரண்டும் எனேபிள், கலிலியோவின் மகன் நத்தானியலுக்குப் பிறந்தவள். 2019-இல் வால்ட்கைஸ்ட், மறுபடி கலிலியோவின் மகன். 2020-இல் சொத்சாஸ், அவன் தாய் கலிலியோவின் மகள். தொடர்ந்து ஐந்து ஆர்க் ஒரே பாட்டியின் வீட்டுக்கு. எப்சம் டெர்பியிலோ 2018 மசாரிலிருந்து 2025 லாம்போர்ன் வரை எட்டு வெற்றியாளர்களில் அர்பன் சீயின் ரத்தம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை.

இந்தப் பட்டியல் பெரும்பாலும் கலிலியோ போட்ட குட்டிகளின் எண்ணிக்கையையும் காட்டுகிறது என்பதை மறக்கக் கூடாது. அர்பன் சீயின் மகள்களின் வழியைத் தனியாகப் பாருங்கள். கிரீன் டெசர்ட்டுக்குப் பிறந்த செரி ஹின்டன் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காதவள், அவள் மகள் பிரேஸ்லெட் 2014 ஐரிஷ் ஓக்ஸை ஜெயித்தாள். ஆல் டூ பியூட்டிஃபுலைப் போலவே அவள் மகள் ஒண்டர் ஆஃப் ஒண்டர்ஸும் 2011 ஓக்ஸில் இரண்டாவதாக வந்தாள். மெலிக்காவுக்கு வில்லாரிக்கா, அவளுக்குக் கவ்லா, கவ்லாவுக்கு மேலே சொன்ன மசார். மசாரின் தகப்பன் நியூ அப்ரோச், கலிலியோவின் மகன். அதாவது அவன் வம்சாவளியில் அர்பன் சீ தகப்பன் பக்கம் மூன்றாவது தலைமுறையிலும் தாய் பக்கம் நான்காவது தலைமுறையிலும் இரண்டு முறை வருகிறாள்.

2004 ஓக்ஸில் ஆல் டூ பியூட்டிஃபுலை ஏழு குதிரை நீளத்தில் தோற்கடித்த வீஜா போர்டு யார் மகள் தெரியுமா? கேப் கிராஸின் மகள். அடுத்த ஆண்டே அர்பன் சீயும் கேப் கிராஸிடம் போனாள், பிறந்தது சீ தி ஸ்டார்ஸ். வீஜா போர்டு ஓய்வு பெற்ற பிறகு கலிலியோவிடம் போனாள், பிறந்தது 2014 டெர்பி வெற்றியாளன் ஆஸ்திரேலியா. அவன் மகன்தான் லாம்போர்ன்.

கூல்மோருக்கு இதனால் ஒரு தலைவலியும் வந்தது. பண்ணை முழுக்கக் கலிலியோவின் மகள்கள், அவர்களுக்கு ரத்தம் ஒட்டாத மாப்பிள்ளை வேண்டும். ஜப்பானுக்கு டீப் இம்பாக்ட்டிடம் அனுப்பினார்கள், சாக்சன் வாரியரும் ஆகஸ்ட் ரோடினும் பிறந்தார்கள். அமெரிக்காவில் ஜஸ்டிஃபையிடம் விட்டார்கள், 2024 டெர்பியை ஜெயித்த சிட்டி ஆஃப் ட்ராய் பிறந்தான். ஐரோப்பாவுக்குள் ஃபிராங்கலின் பிள்ளையையும் சீ தி ஸ்டார்ஸின் பிள்ளையையும் சேர்க்கலாமா என்றால், இருபக்கமும் அர்பன் சீதான். சிலர் துணிந்து சேர்க்கிறார்கள், சிலர் கண்டம் தாண்டிப் போகிறார்கள்.